பாஸ்தா மெஷின் வாங்கும் முன்: உருளையா, அச்சா?

வீட்டில் அடிக்கடி செய்யப்போவது தட்டைப் பாஸ்தாவா, குழல் பாஸ்தாவா? இதற்குப் பதில் தெரிந்தால் மெஷின் பாதி முடிவான மாதிரிதான். லசான்யா (அகலத் தகடு), ஃபெட்டுச்சினி (நாடா), ரவியோலி (உள்ளே பூரணம் வைத்தது) என்றால், இரண்டு உருளைகளுக்கு நடுவே மாவைப் பட்டையாகத் தேய்க்கும் உருளை மெஷின். பென்னே, மக்ரோனி போல நடுவில் துளை உள்ளவை என்றால் அச்சில் பிழியும் மெஷின். உருளையால் குழல் வராது. அச்சு மெஷின் சிலவற்றில் லசான்யா அச்சும் உண்டு. ஆனால் அதில் வரும் பட்டை குறுகலாகவே இருக்கும்.

பெரும்பாலானவர்களுக்குக் கையால் சுற்றும் உருளை மெஷினே போதும். பழுதாக அதில் அதிகம் எதுவும் இல்லை. 15 செ.மீ. அகல உருளை வீட்டுக்குச் சரியான அளவு. வாங்கும்போது மெஷினை மேடையோடு இறுக்கும் கிளாம்ப்பை முதலில் பாருங்கள். மேடையின் விளிம்பு அதற்குள் நுழையுமா, அடியில் பிடிக்க இடம் இருக்கிறதா என்று வீட்டிலேயே அளந்துகொண்டு போவது நல்லது. கிளாம்ப் நிற்காவிட்டால் ஒரு கை மெஷினைப் பிடிக்க, ஒரு கை சுற்ற, மாவை வாங்க மூன்றாவது கை தேட வேண்டியதுதான்.

அடுத்தது உருளைகளின் இடைவெளி. இடைவெளியை மாற்றும் திருகை மிக மெல்லிய எண்ணில் வைத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் இரு ஓரத்திலும் ஒரே அளவு இடைவெளி தெரிய வேண்டும். கூடக்குறைய இருந்தால் மாவுப் பட்டை ஒரு பக்கமாக வளைந்துகொண்டே வரும். திருகில் உள்ள எண்களை நம்பி இரண்டு மெஷின்களை ஒப்பிட வேண்டாம். சிலவற்றில் சிறிய எண் தடிமன், சிலவற்றில் அதுவே மெல்லியது. ஃபெட்டுச்சினிக்கு 1 முதல் 1.5 மி.மீ., ரவியோலிக்கு 1 மி.மீ.க்கும் குறைவு, இந்த இரண்டும் வருகிறதா என்று மில்லிமீட்டரில் கேளுங்கள்.

உருளைக்குப் பிசையும் மாவுக்கு, ஒருவருக்கு 100 கிராம் உலர்ந்த மாவும் 1 முட்டையும். பிசைந்து மூடி 30 நிமிடம் விட வேண்டும். விடாமல் போட்டால் பட்டை சுருங்கி ஓரம் கிழியும். அகலமான எண்ணில் மடித்து மடித்து நான்கைந்து முறை விட்டபின் ஒவ்வோர் எண்ணாக இறக்குங்கள். வெட்டும் பற்களில் இழைகள் பிரியாமல் வந்தால் பெரும்பாலும் குற்றம் மெஷினுடையது அல்ல, பட்டையின் ஈரம்தான். மேலே மாவு தூவி 10 நிமிடம் உலரவிட்டு வெட்டினால் சரியாகும்.

அச்சு மெஷினில் மாவின் கணக்கே வேறு. 100 கிராம் டியூரம் (கடினக் கோதுமை) ரவைக்கு ஏறக்குறைய 35 கிராம் தண்ணீர். கலவை உருண்டையாகத் திரளாமல் ஈர மணல் போல உதிர வேண்டும். ஈரம் கூடினால் குழல்கள் ஒன்றோடொன்று ஒட்டும், குறைந்தால் மோட்டார் திணறும். அதனால் 1 கிராம் வரை காட்டும் தராசு இல்லாமல் இந்த மெஷினை வாங்காதீர்கள். பித்தளை அல்லது வெண்கல அச்சு கிடைத்தால் நல்லது. அதில் வரும் பாஸ்தாவின் மேற்பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் சாஸ் வழுக்காமல் பிடிக்கும். பிளாஸ்டிக் அச்சில் வழவழப்பாக வரும்.

விளம்பரம் மறைக்கும் விஷயம், கழுவுவது. அச்சு மெஷினில் மாவைத் தள்ளும் திருகுதண்டு, அது சுழலும் கூடு, அச்சு எல்லாம் கழன்று வருகின்றனவா என்று பாருங்கள். ஒட்டிய மாவை உடனே தேய்ப்பதைவிடச் சில மணி நேரம் காயவிட்டுத் தட்டினால் எளிதாக உதிரும். உருளை மெஷினுக்கோ தண்ணீரே ஆகாது. உள்ளே பல்சக்கரம் துருப்பிடிக்கும். உலர்ந்த பிரஷ் போதும். புதிதாக வாங்கியதும் கொஞ்சம் மாவை உருளைகளிலும் வெட்டும் பற்களிலும் பலமுறை விட்டு, எண்ணெய்க் கறை ஏறிய அந்த மாவை எறிந்துவிடுங்கள்.

ரவியோலிக்கென்று விற்கும் இணைப்புக்குப் பணம் தேவையில்லை. பூரணம் கொஞ்சம் ஈரமானாலும் அதில் சிக்கிக்கொள்ளும். இரண்டு பட்டைகளுக்கு நடுவே பூரணம் வைத்து, காற்றை விரலால் வெளியே தள்ளி, கத்தியால் வெட்டுவதே வேகமான வழி.