பேட்டரி அல்ல, எர்த் வயர்

ஐப்பசி அடைமழையில் மன்னார்குடியிலிருந்து நனைந்து வந்த மறுநாள், வண்டியின் செல்ஃப் பொத்தானை அழுத்தினால், ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு மின்சாரம் விடும் சுவிட்சான ரிலேயின் ‘டக்’ என்ற ஒலி மட்டுமே கேட்டது. பேட்டரி போய்விட்டதென்றே எல்லோரும் சொன்னார்கள். ஆனால் மல்டிமீட்டரில் 12.6 வோல்ட் காட்டிய பேட்டரி, பொத்தானை அழுத்தும்போதும் 12.3-க்குக் கீழே இறங்கவில்லை. வலுவிழந்த பேட்டரி என்றால் அந்நேரத்தில் 10-க்கும் கீழே சரிந்திருக்கும், ஆகவே மின்னோட்டம் வழியில்தான் தடைபடுகிறது என்று முடிவு செய்தேன். நெகட்டிவ் முனைக்கும் எஞ்சினுக்கும் இடையே, பொத்தானை அழுத்தியபடியே அளந்தபோது, அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாத இழப்பு 8 வோல்ட்டாக இருந்தது. அவ்விரண்டையும் இணைக்கும் எர்த் வயரின் போல்ட்டைக் கழற்றினால், வளையத்தின் அடியில் பழைய செப்புக் குடத்தில் படிவதைப் போன்ற பச்சைக் களிம்பு. உப்புத்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுக முடுக்கி, மேலே கிரீஸ் பூசினேன். முதல் அழுத்தத்திலேயே வண்டி கிளம்பியது. ஓடும் எஞ்சினில் 14.1 வோல்ட் காட்டியதால் சார்ஜிங்கிலும் குறையில்லை.