சேலத்திலிருந்து கலங்கரை விளக்கம் பார்க்கப் போகிறவர்களுக்கு: முதல் பயணத்துக்கான செய்முறை

சேலத்திலிருந்து எந்தத் திசையில் போனாலும் கடலைப் பார்க்க அரை நாளாவது ஆகும். அதனால் நம்மூர்க்காரர்கள் கடற்கரைக்குப் போனால் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடத் துடிக்கிறோம். கோயில், பீச், படகு எல்லாம் முடித்துவிட்டு, கடைசியில் சூரியன் இறங்கும் நேரத்தில் லைட் ஹவுஸ் வாசலில் போய் நிற்கிறோம். கேட் பூட்டியிருக்கும். புதிதாகப் போகிறவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இப்படித்தான்.

கலங்கரை விளக்கத்தை இரண்டு முறை பார்க்க வேண்டும். பகலில் மேலே ஏறிப் பார்ப்பது ஒன்று. இருட்டிய பிறகு வெளியே நின்று அது வேலை செய்வதைப் பார்ப்பது இன்னொன்று. இந்த இரண்டையும் ஒரே ஊரில், ஒரே நாளில் செய்யும்படி திட்டம் போட்டால் பாதி வேலை முடிந்தது. ஒரு நாளைக்கு ஒரு கோபுரம் போதும்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. கரைதல் என்றால் அழைத்தல். காக்கை கரைகிறது என்கிறோமே, அதே சொல்தான். கலங்களைக் கூப்பிடுவதால் கலங்கரை. ‘கலங்கறை’ என்று எழுதிய பலகையைப் பார்த்தால் சிரித்துவிட்டு நகருங்கள்.

முதல் படி: ஏற்காட்டில் ஒத்திகை

கடலுக்குப் போகும் முன் ஒரு மாலை ஏற்காடு போய் வாருங்கள். இருபது கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி லேடீஸ் சீட்டில் நின்றால் கீழே சேலம் முழுக்க விளக்காக விரியும். செல்போன் டவர், உயர்ந்த கட்டடம் இவற்றின் உச்சியில் சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும். அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு, எத்தனை வினாடிக்கு ஒரு முறை எரிகிறது என்று கணக்கெடுங்கள்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். போனில் ஸ்டாப்வாட்ச் எடுங்கள். விளக்கு எரிந்ததும் பட்டனைத் தட்டி, வாய்விட்டு ‘பூஜ்யம்’ என்று சொல்லுங்கள். அடுத்த முறை எரியும்போது ‘ஒன்று’. ‘பத்து’ வந்ததும் நிறுத்தி, வந்த நேரத்தைப் பத்தால் வகுங்கள். முதல் ஒளியையே ‘ஒன்று’ என்று எண்ணத் தொடங்கினால் இடைவெளி ஒன்பதுதான் கிடைக்கும். 10 வினாடி விளக்கு உங்கள் கணக்கில் 9 வினாடி ஆகிவிடும். பார்ப்பதற்குச் சின்னப் பிழை. ஆனால் ஒவ்வொரு கலங்கரை விளக்கத்துக்கும் அதன் ஒளிர்வு முறைதான் முகவரி. மாலுமி அதை வைத்துத்தான் இது எந்த ஊர் என்று தெரிந்துகொள்கிறார். 9 என்றும் 10 என்றும் குழம்பினால் ஊரே மாறிவிடும்.

சில விளக்குகள் இரண்டு மூன்று முறை அடுத்தடுத்து மின்னிவிட்டு நீண்ட இருட்டு விடும். அங்கே ஒரு தொகுப்பின் முதல் மின்னலிலிருந்து அடுத்த தொகுப்பின் முதல் மின்னல் வரை எண்ண வேண்டும்.

பைனாகுலர் இருந்தால் அதையும் ஏற்காட்டிலேயே பழகிக்கொள்ளுங்கள். 8×40 அளவு போதும். முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பது, இரண்டாவது எண் முன்கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். 12 மடங்கு, 20 மடங்கு என்று ஆசைப்பட்டு வாங்கினால், கடல் காற்றில் கை நடுங்கி எதுவும் நிலையாகத் தெரியாது.

ஏறிப் பழக ஊத்துமலைப் படிகள் நல்லவை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. மலைப்படி நேராக, அகலமாகப் போகும். கோபுரப் படி சுருளாக, ஒரு பக்கம் குறுகி இருக்கும். பல இடங்களில் கடைசிப் பத்துப் பதினைந்து அடிக்கு இரும்பு ஏணிதான்.

இரண்டாம் படி: நாளைத் தேர்ந்தெடுப்பது

திறந்திருக்கும் நேரம் ஊருக்கு ஊர் மாறும். பெரும்பாலும் காலை பத்து மணிக்குத் திறந்து, மதியம் ஒன்றிலிருந்து இரண்டு மூன்று மணி வரை மூடி, மாலை ஐந்து ஐந்தரைக்கு ஆளை இறக்கிவிடுவார்கள். பல கோபுரங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை.

இதை மறந்து போடும் திட்டம் எப்படிக் கெடுகிறது என்று பாருங்கள். வெள்ளி இரவு சேலத்தில் ரயில் ஏறி, சனி கொல்லம், ஞாயிறு கோவளம், திங்கள் முட்டம் என்று போட்டால், மூன்றில் ஒன்று பூட்டிய கேட்டாக முடியலாம். ஒரு நாள் முன்னால் தள்ளி, வியாழன் இரவு கிளம்புங்கள்.

பருவமும் முக்கியம். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழையில் கேரளக் கரையும் கன்னியாகுமரியின் மேற்குக் கரையும் கொந்தளிக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை கிழக்குக் கரைக்கு மழை, புயல். காற்றோ இடியோ அதிகமானால் மேல் மாடத்துக்கு விடமாட்டார்கள், விடாதது நல்லது. ஜனவரி, பிப்ரவரி இரண்டு கரைகளுக்கும் ஏற்றவை. சேலத்து வெயில் காயவைக்கும், கடற்கரை வெயில் அவிக்கும். வியர்வை காயாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும், களைப்பு சட்டென்று வரும். ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர் கையில் இருக்கட்டும்.

மூன்றாம் படி: முதல் கோபுரம் மாமல்லபுரம்

புதியவர்கள் இங்கிருந்து தொடங்குவது நல்லது. புதிய பேருந்து நிலையத்தில் சென்னை பஸ் ஏறினால் உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம் வழியாகச் செங்கல்பட்டு. அங்கிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் சுமார் 30 கி.மீ. பஸ் செங்கல்பட்டு ஊருக்குள் போகுமா, பைபாஸில் இறக்கிவிடுமா என்பதைச் சேலத்தில் ஏறும்போதே கண்டக்டரிடம் கேளுங்கள். இரவு பஸ்ஸில் தூங்கிவிட்டால் கிளாம்பாக்கத்தில்தான் கண் விழிப்பீர்கள்.

இங்கே பழைய விளக்கும் புதிய விளக்கும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. மகிஷாசுரமர்த்தினி குகைக்கு மேலே, பாறை உச்சியில் இருக்கும் ஓலக்கண்ணேஸ்வரர் கோயில் பல்லவர் கட்டியது. ஒரு காலத்தில் அதன் மேல்தளத்தில் விளக்கு வைத்துக் கப்பலுக்கு வழி காட்டினார்கள். அதற்கு அருகில் 1904-இல் முழுப் பயன்பாட்டுக்கு வந்த வட்டக் கற்கோபுரம் 26 மீட்டர் உயரம். பூசாத கல். கோபுரத்தில் ஏறும் முன் கோயில் பாறையில் நின்று கடலைப் பாருங்கள். விளக்குக்கு ஏன் இந்த இடத்தைப் பிடித்தார்கள் என்பது அங்கேயே புரிந்துவிடும்: சுற்றிலும் மணல், நடுவே இந்த ஒரு பாறைதான் உயரம்.

கலங்கரை விளக்கத்துக்கு டிக்கெட் தனி, சிற்பங்களுக்கு டிக்கெட் தனி. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றின் வாசலில் வாதாட வேண்டாம். கேமராவுக்கும் தனியாகச் சிறு கட்டணம் உண்டு. சில்லறையும் அடையாள அட்டையும் வைத்திருங்கள். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.

நான்காம் படி: ஏறுவதும் இறங்குவதும்

பெரிய பையைக் கீழேயே விட்டுவிடுங்கள். ஏணி முடியும் இடத்தில் ஒரு ஆள் நுழையும் அளவுக்குத்தான் திறப்பு இருக்கும். முதுகுப்பை அதில் மாட்டும். வேட்டி, தழையத் தழையப் புடவை, ஹவாய் செருப்பு மூன்றும் இரும்பு ஏணிக்கு ஆகாது. சுடிதார், பேண்ட், பின்வார் உள்ள செருப்பு சரி. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏணி ஏறாதீர்கள். ஒருவர் கீழே இருந்து, மாற்றி மாற்றிப் போய் வாருங்கள்.

சுருள் படியில் சுவர் பக்கமாக, படி அகலமாக இருக்கும் இடத்தில் கால் வையுங்கள். தலை சுற்றினால் அடுத்த ஜன்னலில் நின்று தூரத்தில் ஒரு பொருளைப் பாருங்கள், படியைப் பார்க்காதீர்கள். ஏணியில் இறங்கும்போது முகம் ஏணியைப் பார்த்து இருக்க வேண்டும். முதுகைக் காட்டி இறங்குகிறவர்களுக்குக் குதிகால்தான் படியில் படும், அது வழுக்கும்.

மாடத்துக்கு வெளியே வந்ததும் காற்று அறையும். தொப்பி, துப்பட்டா, போன் எல்லாவற்றையும் முதலில் பத்திரப்படுத்துங்கள். போனுக்கு ஒரு கயிறு மாட்டி மணிக்கட்டில் போட்டுக்கொண்டால் நிம்மதி.

விளக்கு அறையைப் பார்க்க விட்டால் அது அதிர்ஷ்டம். எதையும் தொடாமல் நில்லுங்கள். விளக்கைச் சுற்றி அடுக்கடுக்காக நிற்கும் கண்ணாடிப் பட்டைகள் ஃபிரெனெல் லென்ஸ். பிரெஞ்சுக்காரரான அகஸ்டின் ஃபிரெனெல் உருவாக்கி, 1823-இல் முதன்முதலாகப் பிரான்சில் ஒரு கலங்கரை விளக்கத்தில் பொருத்தியது. ஒரே தடிக் கண்ணாடியாகச் செய்தால் எடை தாங்காது. அதனால் வளைவை மட்டும் வைத்துக்கொண்டு நடுவில் உள்ள கனத்தை வெட்டி எறிந்தார். சிதறிப் போகும் ஒளியை அந்தப் பட்டைகள் மடக்கி, கடல் மட்டத்துக்கு நேராகத் தள்ளுகின்றன.

பழைய பெரிய லென்ஸ்கள் பாதரசத் தொட்டியில் மிதந்தபடி சுற்றின. டன் கணக்கில் எடை இருந்தாலும் கையால் தள்ளினால் நகரும். மின்சாரம் வரும் முன் கோபுரத்தின் நடுக்குழாயில் ஒரு எடைக்கல் மெல்ல இறங்கி அதைச் சுற்ற வைத்தது. விளக்குக் காவலர் இரவெல்லாம் அந்தக் கல்லைத் திரும்ப மேலே சுற்றி ஏற்ற வேண்டும்.

பகலில் அந்த அறையில் திரை போட்டு மூடியிருந்தால், எதையோ மறைக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். வெயில் வெளியிலிருந்து லென்ஸுக்குள் நுழைந்தால், பூதக்கண்ணாடியில் காகிதம் கருகுவது போல உள்ளே இருக்கும் விளக்கையே பொசுக்கிவிடும்.

ஐந்தாம் படி: பாறைக்கரைப் பயணம்

மாமல்லபுரத்தில் கால் பழகியதும் தெற்கே போகலாம். பெங்களூரிலிருந்து கன்னியாகுமரி போகும் ஐலண்ட் எக்ஸ்பிரஸ் சேலம் ஜங்ஷன் வழியாகப் போகிறது. கொல்லம், திருவனந்தபுரம், நாகர்கோவில் மூன்றும் அதே தடத்தில். நள்ளிரவுக்கு மேல் சேலம் வரும் எந்த வண்டிக்கும் டிக்கெட் எடுக்கும்போது தேதியை இரண்டு முறை பாருங்கள். வியாழன் இரவு சாப்பிட்டுவிட்டு ஸ்டேஷன் போகிறீர்கள். ஆனால் பன்னிரண்டு அடித்தபின் வண்டி வந்தால் சேலத்துத் தேதி வெள்ளி. சூரமங்கலம் பிளாட்பாரத்தில் நேற்றைய டிக்கெட்டோடு நிற்பவர்கள் வாரம் தவறாமல் உண்டு. வழிக்குத் தட்டுவடை செட் கட்டி எடுத்துப் போகலாம் என்று தோன்றும். ஈரோடு வருமுன் நமுத்துவிடும். தட்டுவடையும் சட்னியும் தனித்தனியாகப் போகட்டும்.

கொல்லத்தில் தங்கசேரி. ஸ்டேஷனிலிருந்து ஆட்டோவில் சுமார் 5 கி.மீ. 1902-இல் ஏற்றப்பட்ட விளக்கு, 41 மீட்டர் கோபுரம், சிவப்பும் வெள்ளையும் சாய்வாகச் சுற்றிய பட்டைகள். பட்டை அழகுக்காக இல்லை. பகலிலும் கப்பல் அடையாளம் காண வேண்டுமே. மேலே நின்று ஒரு கணக்குப் போடுங்கள்: உயரத்தின் வர்க்கமூலத்தை 3.57-ஆல் பெருக்கினால், அடிவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். 41-க்கு ஏறக்குறைய 23 கி.மீ.

கோவளம் கோபுரம் 1972-இல் வந்தது, 36 மீட்டர். பழமை குறைவு. ஆனால் பாறை மேட்டில் நிற்பதால் அலை உடைவதை நேர் மேலிருந்து பார்க்கலாம். கூட்டம் அதிகம், மாலை வேளையின் தொடக்கத்திலேயே வரிசையில் நில்லுங்கள்.

மூன்றில் முட்டம்தான் எங்கள் தேர்வு. நாகர்கோவிலிலிருந்து டவுன் பஸ் உண்டு. கரையே உயர்ந்த பாறையாக இருப்பதால் கோபுரம் உயரமாக இருக்கத் தேவையில்லை. கடல் மட்டத்திலிருந்து விளக்கு எத்தனை உயரம் என்பதுதான் கணக்கு. அதில் ஒரு பங்கைப் பாறையே கொடுத்துவிடுகிறது.

பாறையில் இறங்குவதில்தான் ஆபத்து. கறுப்பாகவோ பச்சையாகவோ மினுங்கும் பாறை பாசி பிடித்தது, அதில் எந்தச் செருப்பும் நிற்காது. ஈரமான பாறை எல்லாம் அலை ஏறும் பாறை என்று எடுத்துக்கொண்டு, காய்ந்த கோட்டுக்கு மேலேயே நில்லுங்கள். அதற்கு மேல் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் அடித்த புயலின் அலை சில நாள் பயணித்து, இங்கே காற்றே இல்லாத தெளிந்த நாளில் திடீரென்று கரை ஏறும். 2024 மே மாதம் கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தபோதும் கள்ளக்கடல் எச்சரிக்கை நடப்பில் இருந்தது. கிளம்பும் காலையில், கடல் நிலையைக் கணித்துச் சொல்லும் மத்திய அரசின் இன்காய்ஸ் (INCOIS) நிறுவனத்தின் எச்சரிக்கையைப் பாருங்கள். கரையில் வலை உலர்த்தும் அண்ணனிடம் “இன்னைக்குக் கடல் எப்படிண்ணே?” என்று கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்.

ஆறாம் படி: இருட்டிய பிறகு

கோபுரத்திலிருந்து இறங்கி டீ குடித்துவிட்டு, ஐந்நூறு மீட்டராவது தள்ளிப் போய், தெரு விளக்கு இல்லாத இடத்தில் நில்லுங்கள். அடியிலேயே நின்றால் ஒளி தலைக்கு மேலே போய்விடும், ஒன்றும் தெரியாது. கண் இருட்டுக்குப் பழகப் பத்து நிமிடம் கொடுங்கள். அதுவரை போனைப் பார்க்காதீர்கள். பிறகு ஏற்காட்டில் பழகிய அதே எண்ணிக்கை: பூஜ்யம், ஒன்று, இரண்டு. வந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, கோபுரத்து வாசல் பலகையில் எழுதியிருப்பதோடு ஒப்பிடுங்கள்.

அறைக்குத் திரும்பியதும் கண்ணாடி, கேமரா லென்ஸ், பைனாகுலர் எல்லாவற்றிலும் வெள்ளையாக ஒரு படலம் இருக்கும். அது உப்பு. காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, அதன் பிறகு உலர்ந்த துணியால் துடையுங்கள்.