இணையவழித் தோழமையில் ஆங்கிலம்: பெற்றோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேறு நாட்டுக் குழந்தையோடு வீடியோ அழைப்பில் பேசிப் பழகி ஆங்கிலம் கற்பது அருமையான வழி. அது பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நம்மால்தான்.

நாம் செய்யும் பெரிய தவறு, பிள்ளைக்குச் சொல் எடுத்துக் கொடுப்பது. என் மகளுக்கு அப்போது ஏழு வயது. பல் விழுந்த சேதியைச் சொல்ல "மை டூத் வென்ட்" என்றாள். திருத்திவிட எனக்கு நாக்கு துடித்தது. அதற்குள் திரையிலிருந்த சிறுமி, "வென்ட்? வேர்?" என்று கேட்டுவிட்டாள். இவள் திணறினாள். சொல் கிடைக்காமல், வாயை அகலத் திறந்து கேமராவை ஒட்டி நின்று பொக்கையைக் காட்டினாள். "ஓ! இட் ஃபெல் அவுட்!" என்று அவள் துள்ள, இவளும் "யெஸ், ஃபெல் அவுட்!" என்று கத்தினாள். அந்தச் சொல்லை என் மகள் இன்றுவரை மறக்கவில்லை. நான் முந்திக்கொண்டிருந்தால் அது காற்றோடு போயிருக்கும். புரியாதபோது திரும்பக் கேட்பதும், வேறு விதமாகச் சொல்லிப் பார்ப்பதும்தான் மொழி கற்க உதவுகின்றன என்று மொழியியலாளர் மைக்கேல் லாங் 1980களிலேயே எழுதினார். அன்று அதைக் கண்ணெதிரே பார்த்தேன்.

எழுதிக் கொடுத்து ஒப்பிக்க வைப்பதும் இதே வகைதான். எதிரில் இருப்பவர் ஒரு கேள்வி கேட்டதும் மனப்பாடம் அறுந்துவிடும்.

இன்னொன்று, ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைதான் வேண்டும் என்ற பிடிவாதம். இருவருமே கற்பவர்களாக இருந்தால் கூச்சம் குறையும். ஒருவருக்காக ஒருவர் மெதுவாகப் பேசுவார்கள்.

"சும்மா பேசு" என்று விட்டுவிடாதீர்கள். நலம் விசாரித்த மூன்றாம் நிமிடம் மௌனம் வந்துவிடும். கையில் ஒரு வேலை கொடுங்கள். ஒருவர் தன் படத்தைக் காட்டாமல் விவரிக்க, மற்றவர் அதைக் கேட்டு வரையட்டும். கடைசியில் இரண்டு படங்களையும் ஒப்பிடும்போது வரும் சிரிப்பே அடுத்த வாரத்துக்கு இழுத்து வரும்.

பாதுகாப்பில் மட்டும் தாட்சண்யம் கூடாது. முன்பின் தெரியாதவர்கள் சேரும் அரட்டைச் செயலிகளில் துணை தேடாதீர்கள். பல சமூக ஊடகங்கள் 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கணக்கே தருவதில்லை. 1988இல் தொடங்கிய ஐஎர்ன் (iEARN) என்ற பன்னாட்டுப் பள்ளி வலையமைப்பைப் போல, ஆசிரியர்கள் முன்னின்று வகுப்புக்கு வகுப்பு இணைக்கும் ஏற்பாடுகள் மேல். முகவரி, பள்ளியின் பெயர், சீருடை எதுவும் திரையில் தெரியக் கூடாது. பிள்ளை பேசும்போது அதே அறையில் வேறு வேலை பார்த்துக்கொண்டிருங்கள்.

சின்ன விஷயம்தான், ஆனால் பலரும் கோட்டை விடுவது நேரக் கணக்கில். பல நாடுகளில் மார்ச்சிலும், பிறகு அக்டோபர் அல்லது நவம்பரிலும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் மாற்றுவார்கள். அந்த வாரங்களில் முந்தின நாளே ஒரு செய்தி அனுப்பி நேரத்தை உறுதி செய்யுங்கள். தலைவாரிக்கொண்டு வந்து வெற்றுத் திரையின் முன் காத்திருந்த பிள்ளையை மறுபடி உட்கார வைப்பது பெரும்பாடு.