ஒரே பெயரில் பல ஊர்கள், பல ஆறுகள்: ‘பிஸ்த்ரிட்சா’க்களைப் பிரித்தறிவது எப்படி?

ஐரோப்பாவில் ஸ்லாவிய மொழி பேசுவோர் குடியேறிய இடங்களில் எல்லாம் ‘பிஸ்த்ரிட்சா’ என்ற பெயர் ஊராகவோ ஆறாகவோ தென்படும். எது எது என்று குழம்பாமல் பிரித்தறிய நான் பின்பற்றும் வழி இது. ஓர் இணைய வரைபடமும் ஒரு நோட்டுப் புத்தகமும் போதும்.

படி 1: பெயரைப் பிரியுங்கள்

‘பிஸ்த்ர்’ என்பது வேர், ‘இட்சா’ விகுதி. செக், ஸ்லோவாக், போலிஷ் மொழிகளில் இந்த வேர் விரைவைக் குறிக்கும்; ஸ்லோவேனியம், குரோவேஷியம் போன்ற தென் ஸ்லாவிய மொழிகளில் தெளிவைக் குறிக்கும். இரண்டும் மலையோடையின் குணங்கள். ஆகவே பெயர் முதலில் நீருக்கு உரியது. ஊருக்கு அது பிறகு வந்தது.

படி 2: ஊரைக் கண்டால் ஓடையைத் தேடுங்கள்

ஸ்லோவாக்கியாவின் பான்ஸ்கா பிஸ்த்ரிட்சாவில் தொடங்குங்கள். நகரம் இருப்பதோ ஹ்ரோன் ஆற்றங்கரையில். அப்படியானால் பெயர் எங்கிருந்து வந்தது? வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். வடக்கே மலையிலிருந்து பிஸ்த்ரிட்சா என்ற சிற்றாறு இறங்கி வந்து அங்கே ஹ்ரோனில் கலக்கிறது. பெரிய ஆற்றோடு நின்றுவிடுவதால்தான் புதியவர்கள் பலர் இதைத் தவறவிடுகிறார்கள்.

படி 3: முன்னே வரும் சொல்லைப் படியுங்கள்

‘பான்ஸ்கா’ என்றால் சுரங்கம் சார்ந்தது. 1255-இல் நகர உரிமை பெற்ற இவ்வூர், செம்புச் சுரங்கங்களால் செழித்தது. அதே நாட்டின் பொவாஷ்ஸ்கா பிஸ்த்ரிட்சா, வாஹ் ஆற்றோரம் இருப்பதால் அந்த அடைமொழியைப் பெற்றது.

படி 4: வேற்றுமொழி வேடங்களைக் களையுங்கள்

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். போலந்தில் இப்பெயர் ‘பிஸ்ட்ஷிட்சா’ என்றும் ஹங்கேரிய மொழியில் ‘பெஸ்டெர்ட்சே’ என்றும் ஒலிக்கும். ஆஸ்திரியாவிலோ ‘ஃபைஸ்ட்ரிட்ஸ்’ ஆகிவிடுகிறது! ஜெர்மன் பேசுவோர் மிகப் பழைய காலத்தில் ஸ்லாவியரிடமிருந்து பெற்ற பெயர்களில் தொடக்கப் பகரம் ஃபகரமாக மாறியது. கரிந்தியா மாநிலத்தில் இத்தகைய ஃபைஸ்ட்ரிட்ஸ்கள் பல உண்டு. ஒரு காலத்தில் அங்கே ஸ்லாவியர் பரவலாக வாழ்ந்ததற்கு இவை சாட்சி. கிரேக்கத்தின் அலியாக்மோன் ஆற்றுக்கும் ‘விஸ்த்ரிட்சா’ என்ற பழைய பெயர் உண்டு. இத்தனை தெற்கே இப்பெயரைக் காண்பது எனக்கு இன்றும் வியப்புதான்.

ஓர் எச்சரிக்கை: ஜெர்மன் பெயர் எப்போதும் துப்புத் தராது. பான்ஸ்கா பிஸ்த்ரிட்சாவின் ஜெர்மன் பெயர் ‘நொய்சோல்’. அதற்கும் இந்த வேருக்கும் தொடர்பில்லை.

படி 5: எந்த ஆற்றில் கலக்கிறது என்று குறியுங்கள்

போலந்தின் லூப்லின் நகர் வழியே ஓடும் பிஸ்ட்ஷிட்சா, வியெப்ஷ் ஆற்றில் சேர்ந்து விஸ்துலாவுக்குப் போகிறது. விராட்ஸ்வாஃப் அருகிலுள்ள பிஸ்ட்ஷிட்சா ஓடர் ஆற்றில் கலக்கிறது. ருமேனியாவில் இன்னும் கவனம் தேவை. பிஸ்த்ரிட்சா நகர் வழியே செல்லும் ஆறு மேற்கே திசாவின் வடிநிலத்தைச் சேர்ந்தது; பியாத்ரா நியாம்ட்ஸ் நகர் வழியே செல்லும் நீளமான பிஸ்த்ரிட்சா கிழக்கே சிரெட் ஆற்றை அடைகிறது. இரண்டுக்கும் நடுவே கார்பாத்திய மலைத்தொடர்.

நோட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் அது சேரும் ஆற்றையும் எழுதுங்கள். அடுத்து ஸ்லோவேனியாவின் காம்னிஷ்கா பிஸ்த்ரிட்சாவை நீங்களே தேடிப் பாருங்கள். ஆல்ப்ஸ் மலையில் தொடங்கிச் சாவா ஆற்றில் முடியும்.