ஸ்ரீநகர் குளிரில் லாரி ஸ்டார்ட் ஆகவில்லையா?

ஆப்பிள் ஏற்ற நாமக்கல்லிலிருந்து ஸ்ரீநகர் போகும் நம்ம பசங்க குளிர் தொடங்கினாலே போன் போடுவார்கள்: "அண்ணே, வண்டி ஸ்டார்ட் ஆகல." நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். செல்ஃப் அடிக்கும்போது சைலன்சரில் புகை வருதா?

வெள்ளைப் புகை வந்தால் டீசல் உள்ளே போகிறது, எரியத்தான் சூடு போதவில்லை. முதலில் பேட்டரி. பேட்டரியில் வோல்ட் மீட்டரை வைத்து செல்ஃப் அடியுங்கள். 24 வோல்ட் வண்டியில் 19-க்குக் கீழே இறங்கினால் எஞ்சின் வேகமாகச் சுற்றாது. டெர்மினலைச் சுரண்டி இறுக்கிவிட்டு அப்புறம் பேட்டரியைத் திட்டுங்கள். ஸ்டார்ட் பண்ணுமுன் எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் உள்ள வண்டியென்றால் அதன் விளக்கு அணையும்வரை பொறுக்கணும். நம்ம ஆளுங்களுக்கு அந்தப் பொறுமைதான் கிடையாது.

புகையே இல்லையா? டீசல் போகவில்லை. தெற்கே நிரப்பிய டீசல் அந்தக் குளிரில் மெழுகு கட்டும். டாங்கில் தெளிவாகத் தெரிந்தாலும் ஃபில்டரில் அடைத்திருக்கும். கழற்றிப் பாருங்கள்: உறைந்த நெய் மாதிரி கொழகொழவென்று இருந்தால் மெழுகு. தட்டினால் உடைகிறதா, அது டீசலில் இருந்த தண்ணீர் உறைந்தது. இரண்டுக்கும் ஃபில்டர்மேல் துணி சுற்றி வெந்நீர் ஊற்றி, கை பம்பை அடித்து டீசல் லைனில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள் (ஏர் எடுப்பது). டாங்க் அடியில் தீ மூட்டுகிற வித்தை வேண்டவே வேண்டாம். மெழுகு கட்டாமலிருக்க மண்ணெண்ணெய் கலந்தால், இப்போதைய வண்டிகளில் டீசலை அதிக அழுத்தத்தில் தள்ளும் காமன் ரெயில் பம்ப் தேய்ந்து போகும்.

செல்ஃபை ஒரே மூச்சில் 15 விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். இரண்டு நிமிடம் ஆறவிடுங்கள்.

லடாக் போகிறவர்கள் அங்கே குளிர்கால டீசல் நிரப்பலாம். 2019-இல் இந்தியன் ஆயில் கொண்டுவந்தது மைனஸ் 33 டிகிரி வரை உறையாது.