ரயில் ஓசையை அறியும் செயலி: கொழும்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ரயிலைக் கண்ணால் பார்க்கத் தேவையில்லை. சத்தத்தை வைத்தே ‘இது எஞ்சின் இழுத்து வருகிற வண்டி, இது பவர்செட் (எஞ்சினும் பெட்டிகளும் ஒரே தொகுதியாக ஓடும் வண்டி)’ என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் காதறிவைப் போனுக்குள் கொண்டுவர ஒரு செயலி செய்யலாமா என்று இளையவர்கள் கேட்கும்போது எனக்குச் சந்தோஷமாக இருக்கும். நல்ல யோசனை, தப்பான இடத்தில் தொடங்கி வீணாகிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், வெளிநாட்டு ரயிலை மனதில் வைத்து இங்கே திட்டம் போடாதீர்கள். ஜப்பானின் கெய்க்யூ ரயில்கள் சில, புறப்படும்போது ஸ்வர வரிசை பாடுவது போல ஒலித்தன. மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை சீமென்ஸ் கருவி ஒன்று படிப்படியாக மாற்றியதால் எழுந்த ஓசை அது. 2021இல் அதுவும் ஓய்ந்துவிட்டது. நம் ஊரில் மின்சார ரயில் கிடையாது, எல்லாம் டீசல். அந்த மாதிரிச் சுருதியைத் தேடும் நிரல் கோட்டை நிலையத்தில் எடுபடாது. இங்கே துப்புத் தருவது எஞ்சினுக்குள் நடக்கும் வெடிப்பு. 1954 முதல் கனடாவிலிருந்து வந்த எம்2 எஞ்சின் டூ ஸ்ட்ரோக் வகை, 12 சிலிண்டர். ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு சிலிண்டரும் ஒருமுறை வெடிக்கும். நிமிடத்துக்கு 800 சுற்று என்றால் செக்கனுக்கு 160 வெடிப்பு. அதே வேகத்தில் சுழலும் 12 சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிப்பதால் அது 80தான். நம் காது அறியாமலே இதைத்தான் எண்ணுகிறது.

அடுத்த தவறும் இங்கேயே காத்திருக்கிறது. கூகுளின் யாம்நெட் என்ற, சத்தத்தை அறியும் நிரல் 521 வகைச் சத்தங்களைப் பிரிக்கும், இலவசமாகவும் கிடைக்கிறது. சரி, எடுத்துப் போட்டால் போதும் என்று தோன்றும். ஆனால் அது கேட்பது 125 முதல் 7,500 ஹெர்ட்ஸ் வரை, அதாவது செக்கனுக்கு அத்தனை அதிர்வு உள்ள ஒலிகளை மட்டும். எம்2 மேடையில் நின்று மெதுவாக உறுமும்போது எழும் அடித்தொனி அந்த எல்லைக்குக் கீழே போய்விடும். யாம்நெட் ‘ரயில்’ என்று சொல்லும். எந்த ரயில் என்று சொல்ல அதற்குக் கற்றுக்கொடுக்கவில்லை. போனும் பேச்சைத் தெளிவாக்கும் முயற்சியில், சீரான உறுமலை வெறும் இரைச்சலாக எடுத்துக்கொண்டு குறைத்துவிடும். பதப்படுத்தாத ஒலியைக் கேட்டு வாங்கும் வசதி ஆண்ட்ராய்ட் 7இலிருந்து உண்டு. உங்கள் போனில் அது வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள்.

சத்தம் தேவைப்படாத வேலையைச் சத்தத்திடம் கொடுப்பதும் வேண்டாம். லண்டனில் நிலத்துக்கு அடியில் ஓடும் ரயிலுக்குள் ஜிபிஎஸ் எட்டாது, அங்கே எந்த இடம் என்று அறியச் சத்தம் உதவலாம். கோட்டையிலிருந்து கல்கிசை வரை நமக்குத் திறந்த வானம். தூங்கிவிட்டவரைத் தெஹிவளையில் எழுப்ப ஜிபிஎஸ் போதும். காதால் மட்டுமே அறியக்கூடியதைத் தேடுங்கள். தேய்ந்து தட்டையான சக்கரம் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு ‘டக்’ போடும். சக்கரத்தின் சுற்றளவு 2.8 மீட்டர் என்று வைத்தால், 40 கிலோமீட்டர் வேகத்தில் செக்கனுக்கு நான்கு தட்டு. அதைப் பிடிக்கும் செயலியை நான் மனதார வரவேற்பேன்.

பலர் ஏமாறுவது பரிசோதனையில். பம்பலப்பிட்டி மேடையில் பத்து நிமிடம் பதிவு செய்து, அதை நூறு துண்டாக வெட்டி, குலுக்கி, பாதியைப் பயிற்சிக்கும் மீதியைச் சோதனைக்கும் வைப்பார்கள். முடிவு பிரமாதமாக வரும். ஆனால் இரண்டு பக்கத்திலும் இருப்பது ஒரே வண்டி, ஒரே காற்று, ஒரே வடைக்காரரின் குரல். நிரல் எஞ்சினையா கற்றது, வடைக்காரரையா என்று யாருக்கும் தெரியாது. துண்டுகளைக் குலுக்காமல் நாட்களைப் பிரியுங்கள்: திங்கட்கிழமைப் பதிவு பயிற்சிக்கு, வேறொரு வாரத்துப் பதிவு சோதனைக்கு. அப்புறம் கடல். பெப்ரவரியில் அமைதியாகக் கிடக்கும் கரை, மே முதல் தென்மேற்குப் பருவக்காற்று வந்ததும் இரைய ஆரம்பிக்கும். தண்டவாளம் அலைக்குப் பக்கத்திலேயே போவதால், பெப்ரவரியில் படித்த நிரல் ஜூனில் திணறும். இரண்டு பருவத்திலும் பதிவு செய்யாத செயலியைக் கரையோரப் பாதைக்கு என்று வெளியிடக் கூடாது.

தண்டவாளத்தில் நடப்பவரை எச்சரிக்கும் செயலி என்ற யோசனையை மட்டும் கைவிடச் சொல்கிறேன். மணிக்கு 60 கிலோமீட்டரில் வரும் வண்டி மூன்று செக்கனில் 50 மீட்டர் வந்துவிடும். நிரல் கேட்டு, உறுதி செய்து, அதிர்வதற்கே அந்த நேரம் போய்விடும். அலை இரைகிற நாளில் அதுவும் நடக்காது. செயலியை நம்பி ஒருவர் திரும்பிப் பார்க்காமல் நடந்தால், போவது உயிர்.

பெட்டிக்குள் பதிவு செய்தால் பக்கத்தில் இருப்பவர்களின் பேச்சும் விழும். இலங்கையில் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஒலியைப் போனுக்குள்ளேயே ஆராய்ந்து அழித்துவிடுங்கள், வெளியே அனுப்ப வேண்டாம்.

பயிற்சிக்கென்று சேமிக்கும் பதிவுகளை மேடையில் நின்று, ஆட்கள் பேசாத பக்கமாக எடுங்கள். ஒவ்வொன்றோடும் தேதி, நிலையம், எஞ்சின் இலக்கம், எந்தப் போன், மழையா வெயிலா, கடல் எப்படி இருந்தது என்பதை அன்றைக்கே எழுதிவையுங்கள். ஆறு மாதம் கழித்துக் கேட்கும்போது, ஓடியது எம்2 என்று காது சொல்லிவிடும். அது எந்த எம்2, எந்த நாள் என்று சொல்லாது.