குடிலுக்கு ராகிப் பயிர்: விதைப்பதும் வளர்ப்பதும், அந்த வழக்கம் வந்த வழியும்

கிறிஸ்துமஸ் குடிலில் பச்சைத் தாளை விரித்துப் புல் என்று காட்டுவதைவிட ராகி முளைக்கவைப்பது எவ்வளவோ மேல். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் விதைக்கு அலையவே வேண்டாம். கோதுமையும் வளரும்தான். ஆனால் பன்னிரண்டு நாளில் அரையடி எழும்பி, சின்னச் சொரூபங்களை மறைத்துவிடும். ராகி மெல்லிசாக இரண்டு அங்குலத்தில் நிற்பதால் ஆடு மேயும் புல்வெளி போலவே இருக்கும். சோளம் மட்டும் வேண்டாம். இளஞ்சோளத்தில் நஞ்சு உண்டு, பிறகு மாட்டுக்குப் போட முடியாது.

நாள் கணக்கு முக்கியம். ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் மார்கழிக் குளிரில் முளைப்பு மந்தமாக இருக்கும். அங்கே டிசம்பர் 10ஆம் தேதி விதையுங்கள். தருமபுரி, அரூர்ப் பக்கம் 12 அல்லது 13 போதும். சீக்கிரம் விதைத்தால் 24ஆம் தேதி இரவுக்குள் பயிர் சாய்ந்துவிடும்.

அதற்கும் முன்னால் இருபது ராகி மணியை ஈரத்துணியில் முடிந்து இரண்டு நாள் வையுங்கள். குறைந்தது பதினாறு மணி முளைக்காவிட்டால் அது பழைய தானியம், வேறு வாங்குங்கள். மருந்து கலந்த சாய விதையும் ஆகாது.

சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு 25 கிராம் ராகி, அதாவது இரண்டு மேசைக்கரண்டி. கழுவி, கல் அரித்து, பத்து மணி நேரம் ஊறவைத்து வடித்து, துணியில் கட்டி ஒரு நாள் வையுங்கள். அடியில் ஓட்டை போட்ட தட்டில் சலித்த செம்மண்ணையும் நன்றாக மக்கிய தொழு உரத்தையும் சரிபாதி கலந்து ஓர் அங்குலம் பரப்புங்கள். பச்சைச் சாணம் சேர்த்தால் சூடேறி வேர் கருகும். முனை எட்டிப் பார்க்கும் விதையை ஒன்றன்மேல் ஒன்று குவியாமல் தூவி, உள்ளங்கையால் அமுக்கி, மண் தெரிந்தும் தெரியாமலும் மூடி, மேலே ஈரச் சாக்கு போடுங்கள். முனை மண்ணுக்கு வெளியே வந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் தளிர் சாக்கு நாரில் சிக்கி, தூக்கும்போது வேரோடு வந்துவிடும்.

இரண்டாம் மூன்றாம் நாள் முளையைச் சுற்றி வெள்ளைப் பஞ்சு படர்ந்ததுபோல் தெரியும். பூஞ்சை என்று பயந்து பலர் தட்டையே கொட்டிவிடுகிறார்கள். கையால் நீர் தெளித்துப் பாருங்கள். படிந்து மறைந்தால் அது வேர்த்தூவி, பயிர் நலமாக இருக்கிறது. நூலாம்படை போல ஒட்டிக்கொண்டு நின்று, புளித்த வாடையும் அடித்தால்தான் பூஞ்சை. விதை அடர்த்தியும் தேங்கிய நீரும்தான் அதற்குக் காரணம். அந்த இடத்தை மண்ணோடு கிள்ளி எறிந்துவிட்டு, ஒரு வேளை தண்ணீரை நிறுத்துங்கள். பயிர் பிடித்துவிட்டால் காலையில் ஒவ்வொரு இலை நுனியிலும் ஒரு சொட்டு நிற்கும். அது பனி இல்லை, வேர் குடித்ததில் மிஞ்சி, இலை வெளியே தள்ளும் நீர்.

ஐந்தாம் நாளிலிருந்து காலை வெயிலில் வைத்து, தினமும் அரைச் சுற்று திருப்புங்கள். இல்லாவிட்டால் எல்லாம் ஒரே பக்கம் சாயும். எறும்பு விதையைத் தூக்கிப்போகாமலிருக்க, தண்ணீர் ஊற்றிய தாம்பாளத்தில் நாலு கல்லை வைத்து அதன்மேல் தட்டை ஏற்றுங்கள்.

இனி இந்த வழக்கம் வந்த வழி. பிரான்சின் தெற்கே புரோவான்சில் டிசம்பர் 4, புனித பார்பரா நாளில், மூன்று தட்டுகளில் கோதுமை முளைக்கவைப்பது இன்றும் உண்டு. பச்சையாகச் செழித்தால் வருகிற ஆண்டு விளைச்சல் நன்றாக இருக்கும் என்பது நம்பிக்கை. இத்தாலியின் சார்டினியாத் தீவில் அதையே இருட்டில் வளர்த்து, வெளுத்த தளிராக, ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வியாழனுக்குக் கோவிலில் வைக்கிறார்கள். இவற்றுக்கெல்லாம் முன்பே ஏதென்ஸ் நகரப் பெண்கள் அடோனிஸ் தெய்வத்துக்காக உடைந்த சட்டிகளில் கீரை விதை தூவி, கூரைமேல் ஏற்றி, வாடியதும் நீரில் விட்டார்கள். முளைப்பாரியை நீரில் கரைத்தவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது. சிலப்பதிகாரத்தில் கண்ணகி கல்யாணத்திலும் முளை வளர்க்கும் பாலிகையும் முளைக்குடமும் வருகின்றன. அதற்காக ஒன்றைப் பார்த்து இன்னொன்று வந்தது என்று அடித்துச் சொல்லக்கூடாது. விதை மண்ணுக்குள் போய் மறுபடி எழுவதைப் பார்த்த உழவர்கள் எல்லா ஊரிலும் இருந்தார்கள்.

திருச்சபை இப்படிப்பட்ட வழக்கங்களை எல்லா இடத்திலும் ஒழிக்கப் பார்க்கவில்லை. 601இல் பாப்பரசர் பெரிய கிரகோரியார் இங்கிலாந்துக்குப் போகும் துறவி மெல்லிட்டுசுக்கு எழுதியபோது, சிலைகளை அகற்றுங்கள், கோவில் கட்டடத்தை இடிக்காதீர்கள், தீர்த்தம் தெளித்துப் பீடம் வையுங்கள் என்றார். டிசம்பர் 25க்கும் இதே கலப்புக் கதைதான். 354ஆம் ஆண்டின் ரோமப் பஞ்சாங்கத்தில் அந்த நாளில் வெல்லமுடியாத சூரியனின் பிறப்பும் இருக்கிறது, கிறிஸ்து பிறப்பும் இருக்கிறது. மார்ச் 25இல் கருவுற்றார் என்று எண்ணி ஒன்பது மாதம் கூட்டினாலும் அதே நாள் வரும். ஆகவே ‘எல்லாமே சூரியக் கும்பிடு’ என்று சொல்பவரிடமும் ‘எதுவுமே கலக்கவில்லை’ என்று சொல்பவரிடமும் இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

குடில் மட்டும் முழுக்கக் கிறிஸ்தவ வழக்கம். 1223இல் புனித அசிசி பிரான்சிஸ் இத்தாலியின் கிரெச்சோ ஊரில் தீவனத்தொட்டியில் வைக்கோல் பரப்பி, உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தினார். நற்செய்திகளின் பிறப்புக் கதையில் அந்த இரண்டும் கிடையாது. பழைய ஏற்பாட்டின் எசாயா ஆகமத்து முதல் அதிகாரத்தில், மாடு தன் உடையவனையும் கழுதை தன் எஜமானின் தீவனத்தொட்டியையும் அறியும் என்ற வரியிலிருந்து வந்தவை. அதனால் அவற்றைத் தொட்டிக்கு ஒட்டியே வையுங்கள், ஓரத்தில் தள்ள வேண்டாம்.

கூரைக்கு அந்தப் பருவத்தில் அறுத்த ராகித் தாளையே வேயலாம். இரண்டு நாள் காயவைத்தது வேண்டும், ஈரத்தாள் நாற்றமெடுக்கும். சீரியல் விளக்கு தாளில் படாமல் கம்பியில் தொங்கட்டும். பயிர்த் தட்டைக் குடிலுக்குள் வைத்த பிறகு ஊற்றாதீர்கள், தெளிப்பானே போதும். களிமண் சொரூபம் ஈரத்தில் நின்றால் அடி கரையும், காலடியில் ஓட்டுத்துண்டு வையுங்கள்.

24ஆம் தேதி காலையில் இன்னொரு தட்டும் விதைத்துவிடுங்கள். முதல் தட்டு மஞ்சளடிக்கும் நேரத்தில் இது ஜனவரி 6, மூவரசர் திருநாளுக்குப் பச்சையாக நிற்கும். குடிலைப் பிரிக்கும்போது மண் ஒட்டாமல் மேலாக அறுத்து மாட்டுக்குப் போட்டுவிட்டு, வேர்ப்பாயை உதிர்த்துச் செடிக்கடியில் கொட்டுங்கள்.